உங்களுக்குத் தெரியுமா? ஆந்திரக் கரையின் பழைய பக்கத்து வீடு அண்டார்டிகா!

நாயுடுபேட்டைக்குத் தெற்கே உள்ள சத்தியவேட்டின் மணற்பாறைகள், இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்த காலத்தின் சாட்சிகள். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலம் இழுபட்டுத் தாழ்ந்த பள்ளத்தில் ஆறுகள் கொட்டிய மணலும் கூழாங்கல்லும்தான் இன்று பாறையாக நிற்கின்றன.

● ஏன் தாழ்கிறது? புவியின் மேலோடு இழுபடும்போது மெலிகிறது, மேற்பகுதி உடைகிறது. பிளவு நேர்செங்குத்தாக இராது, பெரும்பாலும் 60 பாகை அளவில் சரிந்திருக்கும். அந்தச் சரிவின் மேல் சாய்ந்திருக்கும் பாறை, தன் எடையாலேயே கீழே வழுக்கும்.

● மேடும் பள்ளமும்: இரு பிளவுகளுக்கு நடுவே இறங்கிய துண்டு பிளவுப் பள்ளத்தாக்கு, இறங்காமல் நின்றது பிண்டமலை.

● வயலுக்கு அடியில்: காவிரிப் படுகையும் இப்படிப் பிறந்ததே. அதன் ஆழமான பள்ளங்களில் அடிப்பாறை 5 கி.மீ.க்கும் கீழே கிடக்கிறது. கும்பகோணத்தின் அடியில் புதைந்த பாறைமேடு ஒன்று உண்டு. நரிமணம் எண்ணெய் வயல் இந்தப் படுகையில்தான் இருக்கிறது.

● செடிகளின் அச்சு: சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர் பாறைப் படிவுகளில் அக்காலச் செடிகளின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன.

● இன்றும் பிளக்கிறது: எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 2005 செப்டம்பரில் சுமார் 60 கி.மீ. நீளத்துக்குப் புவியின் மேலோடு பிளந்தது. சில இடங்களில் விரிவு 8 மீட்டர். பிளவுக்குள் புகுந்து நிரப்பியது பாறைக் குழம்பு.