காலில் சிறு புண். உள்ளே பல கிருமிகள்

நீரிழிவு நோயாளியிடம் "சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?" என்று எல்லோரும் கேட்கிறோம். "பாதம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் அரிது. நீரிழிவு உள்ளவர்களில் ஐவருக்கு ஒருவராவது வாழ்நாளில் ஒரு முறை காற்புண்ணுக்கு ஆளாகிறார் என்றும், அப்புண்களில் ஏறத்தாழப் பாதியில் கிருமித் தொற்று உண்டாகிறது என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. நீரிழிவால் காலை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அத்துன்பம் ஒரு சிறு புண்ணில்தான் தொடங்கியிருக்கிறது.

வலி தெரியாத புண்

நெடுநாள் சர்க்கரை மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. செருப்பு கடித்தாலும் முள் தைத்தாலும் தெரிவதில்லை. இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் காலுக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. கிருமிகளை எதிர்த்துப் போரிடும் வெள்ளணுக்களும் வலுவிழக்கின்றன. காவலற்ற வீட்டில் கள்வர் நுழைவதைப் போலக் கிருமிகள் நுழைந்துவிடுகின்றன.

எந்தக் கிருமி?

எல்லாப் புண்ணிலும் ஒரே கிருமி இருப்பதில்லை. மருந்து எதுவும் இடாத புதிய, மேலோட்டமான புண்ணில் பெரும்பாலும் காணப்படுவது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. நுண்ணோக்கியில் திராட்சைக் குலைபோலத் தோன்றும் இவ்வகைக் கிருமிகளுக்கு 1880களில் இப்பெயரைச் சூட்டியவர் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். சங்கிலிபோல் அமையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இத்தகைய புண்களில் உண்டு.

நாட்பட்ட புண்ணின் நிலை வேறு. அங்கே ஈ.கோலை, புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்ற பலவகைக் கிருமிகள் கூடிக் குடியிருக்கும். இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் இவ்வகைக் கிருமிகள் மிகுதி. ஈரத்தில் ஊறிய புண்களில் சூடோமோனாஸ் எளிதில் இடம்பிடிக்கும். இரத்த ஓட்டம் குன்றி, ஆழ்ந்து அழுகி, துர்நாற்றம் வீசும் புண்களில் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் கிருமிகளும் சேர்ந்துவிடும். இவை பசைபோன்ற ஒரு படலத்தைத் தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்வதால் மருந்து எளிதில் உள்ளே செல்வதில்லை.

மருந்தை நாமே தேர்ந்தெடுக்கலாமா?

கூடாது. ஒரு கிருமியை அழிக்கும் மருந்து மற்றொன்றைத் தீண்டாது. கடையில் கேட்டு வாங்கி அரைகுறையாக விழுங்கிய மாத்திரைகள், மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும். புண்ணில் கிருமி இருப்பதாலேயே அது தொற்று ஆகிவிடாது. திறந்த புண் எல்லாவற்றிலும் கிருமிகள் இருக்கும். செம்மை, வீக்கம், சூடு, வலி, சீழ் ஆகிய அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் தொற்றை முடிவு செய்கிறார். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

தொற்று உண்டென்றால், புண்ணைத் தூய்மை செய்து, ஆழத்திலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிப்பதே சிறந்தது. மேலே பஞ்சால் ஒற்றி எடுப்பதில் உண்மைப் பகைவன் தெரியாமல் போகலாம். மருந்து மட்டும் போதாது. அழுகிய தசையை நீக்குதல், புண்ணின்மீது உடற்பாரம் விழாமல் காத்தல், இரத்த ஓட்டத்தைச் சீராக்குதல், சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல் ஆகிய அனைத்தும் இணைந்தாலே புண் ஆறும்.

அன்பு வாசகர்களே!

நாள்தோறும் ஐவேளை உளூச் செய்யும்போது பாதங்களைக் கழுவுகிறோம். நீரிழிவு உள்ளவர்கள் அவ்வேளையில் பாதத்தைக் கண்ணாலும் காணட்டும். கழுவியபின் விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துவது மிக முக்கியம். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் உண்டாகி, அவ்வெடிப்பே கிருமிகளுக்கு வாயிலாகும். பார்வை மங்கிய முதியவர்களின் உள்ளங்காலைப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். வெந்நீரில் காலை ஊறவைக்க வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துபோகும். ஆணிக்காலைப் பிளேடால் அறுக்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பணிந்து நடப்பது நலம்.

புண்ணைச் சுற்றிச் செம்மை பரவினாலோ, நாற்றம் வீசினாலோ, விரல் கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலியில்லை, காய்ச்சலில்லை என்று காத்திருக்காதீர்கள். கடுமையான தொற்றிலும் பலருக்குக் காய்ச்சல் வருவதில்லை.