ஓர் இறுதி ஊர்வலமும் மூடப்படும் வானமும்

கல்யாண வீட்டுக்கு அழைத்தால் போக வேண்டும். சாவு வீட்டுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். அன்று தோட்டத்தில் இதைக் கடைப்பிடிப்பது எளிதாக இருந்தது. ஒரு லயத்தில் இழவு விழுந்தால் அடுத்த லயத்துக்குச் செய்தி போகப் பத்து நிமிடம் போதும். இன்று நிலைமை வேறு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் கூலிமிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அழைக்காமலே வருவதற்கு அவர்கள் தயார்தான். ஆனால் விமானம் கிடைக்க வேண்டுமே!

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது என் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி 2025 ஏப்ரல் 26-ஆம் நாள் சனிக்கிழமை இரவு பதினொரு மணியளவில் இயற்கை எய்தினார். அவருடைய மூத்த மகளான என் பெரியம்மா அப்பொழுது ரோம் நகரில் இருந்தார். பெரியப்பா கத்தோலிக்கர். 2025 கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு என்பதால் இருவரும் ஒரு குழுவோடு திருப்பயணம் சென்றிருந்தனர். அன்றுதான் அங்கே போப்பாண்டவர் பிரான்சிஸ் அவர்களின் நல்லடக்கம். நாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது ரோமில் மாலை ஐந்து மணி. பெரியம்மா கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விமானங்களில் இடமே இல்லை. திங்கள் இரவுதான் இடம் கிடைத்தது. வழக்கமாக மறுநாளே எடுத்திருக்க வேண்டிய சடலத்தை அவருக்காக ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தோம். அதற்கு மேல் முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் பாட்டியை எடுத்துவிட்டோம். பெரியம்மா செவ்வாய் நள்ளிரவு வாசலில் வந்து இறங்கினார். வாய்க்கரிசி போடக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த மூன்று நாளும் இழவு வீட்டில் ஒரே பேச்சு. “ஏம்மா, நீ யுனிவர்சிட்டியில படிக்கிறியே, யாரோ ஒருத்தர் செத்ததுக்கு ஏர்போர்ட்ட ஏன் மூடுறாங்க?” என்று மாமா என்னைக் கேட்டார். அவருக்குச் சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அந்தப் பதிலே இக்கட்டுரை.

கால அவகாசம் இல்லாத பயணம்

ஒலிம்பிக் போட்டிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நாள் குறிக்கிறார்கள். ஹஜ் பயணத்துக்கு நாள்காட்டி உண்டு. தைப்பூசம் எந்த நாள் என்பது முந்தைய ஆண்டே நமக்குத் தெரியும். விமான நிறுவனங்களும் அதற்கேற்பத் திட்டமிடுகின்றன. மரணம் மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருவதில்லை.

போப்பாண்டவர் இறந்தால் நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்பது திருச்சபையின் விதி. இரண்டாம் யோவான் பவுல் 2005 ஏப்ரல் 2-ஆம் நாள் மறைந்தார். 8-ஆம் நாள் அடக்கம் நடந்தது. பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21-ஆம் நாள் மறைந்தார். 26-ஆம் நாள் அடக்கம். ஐந்தாறு நாள்களுக்குள் உலகத் தலைவர்களும் இலட்சக்கணக்கான மக்களும் ஒரே நகரத்துக்கு வர வேண்டும். எந்த விமான நிலையத்தாலும் இதை இயல்பாகச் சமாளிக்க இயலாது. ஆகவே சில கதவுகளை மூடித்தான் மற்றக் கதவுகளைத் திறக்க முடியும்.

இவ்வாறு மூடுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. அவை இடம், பாதுகாப்பு, அமைதி என்பன.

முதற்காரணம்: இடம்

ரோம் நகருக்கு இரண்டு விமான நிலையங்கள். கடற்கரையோரத்தில் இருக்கும் பெரியது ஃபியுமிச்சினோ. நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் சிறியது சியாம்பினோ. சியாம்பினோவில் மலிவுக் கட்டண விமானங்களும் வருகின்றன. இத்தாலிய விமானப் படையும் அங்கே இயங்குகிறது. அரசு விருந்தினர்களும் அங்கே இறங்குவது வழக்கம்.

2005-இல் நல்லடக்கத்தையொட்டி சியாம்பினோ பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அங்கே வரவேண்டிய விமானங்கள் ஃபியுமிச்சினோவுக்கு மாற்றப்பட்டன. காரணம் எளிமையானது. பயணிகள் விமானம் வந்து, ஆட்களை இறக்கி, வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடும். ஒரு நாட்டு அதிபரின் விமானம் அப்படியன்று. அவர் திரும்பி வரும்வரை அது அங்கேயே நிற்க வேண்டும். நம் தோட்டத்துத் திருவிழாவில் பேருந்து வந்து போகும் பாதையில் நாற்பது கார்களை நிறுத்திவிட்டால் என்னவாகும்? அதே கதைதான் அங்கும்.

நம்மவர்களுக்குப் பழக்கமான இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. சத்ய சாயி பாபா 2011 ஏப்ரல் 24-ஆம் நாள் ஆந்திர மாநிலம் புட்டபர்த்தியில் மறைந்தார். சாயி குல்வந்த் மண்டபத்தில் அவருடைய உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 27-ஆம் நாள் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. புட்டபர்த்தியில் 1990-இல் திறக்கப்பட்ட சிறிய விமான நிலையம் ஒன்று உண்டு. அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் உள்ளிட்ட தலைவர்கள் அஞ்சலி செலுத்த வந்தனர். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் சாதாரணப் பக்தர் பெங்களூரில் இறங்கி, சுமார் 150 கிலோமீட்டர் சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

அப்பொழுது நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் கணவரும் வியாழக்கிழமை தவறாமல் பஜனைக்குப் போகிறவர்கள். எப்படியாவது போய்விட வேண்டும் என்று துடித்தார்கள். இந்தியாவுக்கு விசா எடுக்க வேண்டும். பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பறக்க வேண்டும். பிறகு அந்தச் சாலைப் பயணம். மூன்று நாளில் இது நடக்கிற காரியமா? கடைசியில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அழுதார்கள். அவர்களைத் தடுத்தது மூடிய விமான நிலையம் அன்று, நாள் போதாமைதான்.

இரண்டாம் காரணம்: பாதுகாப்பு

பல நாட்டுத் தலைவர்கள் ஒரே சதுக்கத்தில், திறந்த வெளியில், பல மணி நேரம் அமர்ந்திருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பயணிகள் விமானமே ஆயுதமாகலாம் என்ற அச்சம் எல்லா அரசாங்கங்களுக்கும் வந்துவிட்டது. எனவே 2005-இல் ரோம் நகரின் மேல் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விமானங்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. நேட்டோவின் கண்காணிப்பு விமானம் வானிலிருந்து காவல் காத்தது. 2025-இலும் ரோம் வான்வெளியில் பறக்கத் தடை இருந்தது. இம்முறை புதிய தலைவலி ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதுதான் டிரோன். கடையில் வாங்கக்கூடிய சிறு பறக்கும் கருவிகளை முடக்கும் சாதனங்களோடு வீரர்கள் நின்றார்கள்.

இத்தகைய தடைகள் ‘நோட்டாம்’ என்ற அறிவிப்பின் மூலம் விமானிகளுக்குத் தெரிவிக்கப்படுகின்றன. எந்த இடத்தில், எந்த உயரம் வரை, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை பறக்கக்கூடாது என்பது அதில் இருக்கும். விமானம் புறப்படுமுன் அதைப் பார்ப்பது கட்டாயம். இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வான்வெளியை மூடுவதும் விமான நிலையத்தை மூடுவதும் ஒன்றல்ல. நகரின் மேல் பறக்கத் தடை இருந்தாலும், நகருக்கு வெளியே கடலோரத்தில் இருக்கும் நிலையம் வேறு பாதையில் இயங்க முடியும். என் மாமா கேட்ட கேள்வியில் இருந்த முதற்பிழை இதுதான். பெரியம்மாவுக்கு விமானம் இல்லாமல் போகவில்லை. விமானத்தில் இடம் இல்லாமல் போனது.

மூன்றாம் காரணம்: அமைதி

இது எனக்கு வியப்பாக இருந்தது. பிரிட்டனின் அரசியார் இரண்டாம் எலிசபெத், இங்கிலாந்துத் திருச்சபையின் உயர் ஆளுநராகவும் இருந்தவர். 2022 செப்டம்பர் 19-ஆம் நாள் அவருடைய இறுதிச் சடங்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்தது. பிறகு வின்சர் கோட்டையில் அடக்கம். இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மேற்கே பறக்கும் விமானங்களின் இரைச்சல் வின்சரில் நன்றாகவே கேட்கும். ஆகவே சடங்கின் இறுதியில் நாடு முழுவதும் கடைப்பிடித்த இரண்டு நிமிட மௌனத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து, காலை 11.40 முதல் 12.10 வரை ஹீத்ரோவில் எந்த விமானமும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஊர்வலத்துக்காக பிற்பகல் 1.45 முதல் 2.20 வரை விமானங்கள் இறங்கவில்லை. 3.03 முதல் 4.45 வரை விமானங்கள் புறப்படவில்லை. அன்றைய சுமார் 1,200 பயணங்களில் 15 விழுக்காடு பாதிக்கப்பட்டது.

மௌனம் இரண்டே நிமிடம்தான். அதற்காக நிறுத்தியது அரை மணி நேரம். ஏன்? ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தைக் காரைப்போல் சாலையோரம் நிறுத்தி வைக்க முடியாது. நெரிசலான நிலையத்தில் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு விமானமேனும் ஏறும் அல்லது இறங்கும். வரிசையை முதலில் காலி செய்ய வேண்டும். பிறகு மீண்டும் கட்ட வேண்டும். காலையில் ஏற்படும் தாமதம் அந்த விமானத்தின் அடுத்த பயணத்தையும், அதற்கடுத்த பயணத்தையும் தொடும். இணைப்பு விமானத்தை நம்பியிருப்பவர் அதைத் தவறவிடுவார்.

யாரும் பேசாத நான்காம் நெருக்கடி

வருகையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். திரும்புவதைப் பற்றி எழுதுவோர் குறைவு. பேராளர் குழுக்கள் மட்டும் 130-க்கு மேல் வந்த 2025 நல்லடக்கத்தில், தேவாலயச் சதுக்கத்திலும் ஊர்வலப் பாதையிலுமாகச் சுமார் நான்கு இலட்சம் பேர் கூடினர். அவர்கள் வெவ்வேறு நாளில் வந்திருக்கலாம். ஆனால் அடக்கம் முடிந்ததும் பலருக்கும் வீடு திரும்ப வேண்டும். போதாக்குறைக்கு ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள்; ஆகவே அது நீண்ட வார இறுதி. மேலும் 27-ஆம் நாள் கார்லோ அக்குட்டிஸ் என்ற இளைஞருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதாக இருந்தது. அந்த விழாவுக்காக முன்பே பயணச்சீட்டு எடுத்தவர்களும் ரோமில் இருந்தார்கள். விழா தள்ளி வைக்கப்பட்டது. வந்த மக்களைத் தள்ளி வைக்க முடியுமா? இத்தனை பேருக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம் தேடினார் என் பெரியம்மா.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டு முதல் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. தாமதம் இரண்டு மணி நேரத்தை எட்டினால் பயணிக்கு உணவு தரப்பட வேண்டும். 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, அரசு வான்வெளியை மூடுவது போன்ற அசாதாரணச் சூழலில் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது. ஆயினும் மாற்றுப் பயணமோ பணமோ தர விமான நிறுவனம் கடமைப்பட்டுள்ளது. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நம்மில் பலர் கேட்கத் தயங்கியே இழக்கிறோம்.

ஆனால் எந்த விதியும் ஓர் இழவு வீட்டின் நான்கு மணியை ஐந்தாக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும். தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் விமானம் உண்டா என்று உறுதி செய்த பிறகு எடுக்கும் நேரத்தைக் குறிப்பதே முறை. பாட்டியின் விஷயத்தில் நாங்கள் முதலில் நேரத்தைக் குறித்தோம். பிறகுதான் பெரியம்மாவிடம் பேசினோம். ஒரு நாள் தள்ளி வைத்தது நேரம் குறித்த பிறகு செய்த ஒட்டு வேலை. இன்னும் ஒன்றரை நாள் வைத்திருக்க முடிந்திருக்குமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

கெடா மண்ணுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. மலேசியாவின் முதல் கர்தினாலான அந்தோணி சோட்டர் ஃபெர்னாண்டஸ் 1932-இல் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். அவர் 2020 அக்டோபர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில் மறைந்தபோது, பெருந்தொற்றுக்கால நடமாட்டக் கட்டுப்பாடு தலைநகரில் நடப்பில் இருந்தது. பிறந்த ஊர்க்காரர்கள் நினைத்தாலும் கிளம்பிப் போக முடியாத காலம் அது. வராதவர்களை அன்று யாரும் குறை சொல்லவில்லை. ஏன் வர முடியவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பெரியம்மாவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. “பெத்த தாயை விட்டுட்டு ரோமுக்குப் போனா” என்று கருமக்கிரியை அன்றுகூட ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. பெரியம்மா பதில் பேசவில்லை. எழுந்துபோய் அடுப்படியில் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செய்தி கேட்ட ஒருவர், நான்கு இலட்சம் பேரோடு சேர்ந்து ஓர் இருக்கைக்குக் காத்திருந்தார் என்பதை அந்த உறவினர் அறிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

மாமா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். விமான நிலையத்தை இறந்தவருக்காக மூடுவதில்லை. அவரைக் காண வரும் உயிருள்ளவர்களுக்காகத்தான் மூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் இருந்தார்.