பின்னியதைப் பிரிக்கும் கலை

பெங்களூர் அல்சூரிலிருந்து அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குடியிருப்பில் நவராத்திரிக்காகச் சிறுமியருக்குப் பின்னல் கோலாட்டம் பழக்குகிறார்களாம். கயிறுகள் லட்சணமாகப் பின்னிக்கொள்கின்றனவாம், பிரிக்கும்போதுதான் முடிச்சு விழுந்துவிடுகிறதாம். இதற்கு விதி ஏதேனும் உண்டா என்று கேட்கிறார். உண்டு. அது கணிதத்தைப் போல நிச்சயமானது. அதை அறியாமல் குழந்தைகளைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

கோலாட்டம் இன்னதென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கன்னட நாட்டார் ஜடெ கோலாட்டம் என்று ஆடுவதும் இந்தப் பின்னலைத்தான். கூர்ஜரத்துத் தாண்டியாவில் இரு வரிசையார் எதிரெதிரே நின்று, கோல் தட்டி, இடம் பெயர்ந்து புதிய ஜோடியைச் சந்திப்பதை இந்நகரத்து நவராத்திரி மைதானங்களிலேயே காணலாம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் வழங்கும் கான்ட்ரா நடனமும் இதற்குத் தூரத்து உறவே. அங்கும் இரண்டு நீண்ட வரிசைகள். அறுபத்துநான்கு தட்டுக்கள் கொண்ட மெட்டு ஒருமுறை முடிவதற்குள் ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியை எதிர்கொள்கிறது. அடுத்து வரும் அசைவை, அதற்குரிய தட்டு விழுவதற்குச் சற்று முன்னதாக, ஒருவர் உரக்கக் கூவி அறிவிக்கிறார். ஆட்டம் உடம்பில் ஊறியதும் அவர் மௌனமாகிவிடுகிறார். ஓர் அசைவு முடிகையில் ஆடுபவர் நிற்கும் இடமும் அவர் முகம் நோக்கும் திசையும் அடுத்த அசைவுக்கு இயல்பான தொடக்கமாக அமைய வேண்டும் என்பதே அங்கு நடனம் அமைப்போர் போற்றும் பிரதான தர்மம்.

நம் பின்னலில் அந்தத் தர்மம் கயிற்றிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எட்டுப் பேர் ஆடுவதாகக் கொள்வோம். மேலே ஒரே இடத்தில் கட்டிய எட்டுக் கயிறுகளை ஆளுக்கொன்றாக ஒரு கையில் பற்றி, மறு கையில் கோலேந்தி, நால்வர் வலமாகவும் நால்வர் இடமாகவும் சுற்றுகிறார்கள். வலமாகச் செல்பவள் முதலில் எதிர்ப்படுபவளை வெளிப்புறமாகக் கடக்கிறாள், அடுத்தவளை உட்புறமாக, பின்னர் மீண்டும் வெளிப்புறமாக. வெளியே செல்பவளின் கயிறு மேலாகவும் உள்ளே புகுபவளின் கயிறு கீழாகவும் அமைய, பின்னல் உச்சியிலிருந்து இறங்கி வளர்கிறது. அரைச் சுற்றில் எதிர்த்திசையார் நால்வரையும் ஒருமுறை கண்டாகிறது; முழுச் சுற்றில் எட்டுச் சந்திப்புக்கள், ஒவ்வொருவரும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். பின்னல் நீள நீளக் கையிலுள்ள கயிறு குறுகுவதால் வட்டமும் சுருங்குகிறது. அதற்கேற்ப அடியையும் குறுக்கி வைக்கப் பழக்காத ஆசிரியர், பாதி ஆட்டத்தில் தோளோடு தோள் மோதுவதைக் காண நேரும்.

என்னை மிகவும் வசீகரித்த விசித்திரம் பிரிக்கும் தருணத்தில் இருக்கிறது. எல்லோரும் திசை மாறித் திரும்பியவுடன் எதிரே நிற்பவள், கடைசியாகக் கடந்து சென்ற அதே தோழி. அவளை எந்தப் புறமாகக் கடந்தோமோ அந்தப் புறமாகவேதான் மீண்டும் கடக்க வேண்டும். வெளிப்புறத்தில் தொடங்கி எட்டுச் சந்திப்புக்களை முடித்தவள் கடைசியில் உட்புறமாகச் சென்றிருப்பாள். ஆதலால் அவள் திரும்பும்போது முதலில் உட்புறமாகவே புக வேண்டும். குழந்தையோ, ஆரம்பத்தில் வெளிப்புறமாகப் புறப்பட்ட ஞாபகத்தில், பிரிப்பதையும் வெளிப்புறத்திலிருந்தே தொடங்குகிறது. அன்பர் குறிப்பிடும் முடிச்சு அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. நான் கணக்கராக உத்தியோகம் பார்த்த காலத்தில், வரவு செலவு பொருந்தாத மாலைகளில், கடைசிப் பதிவிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருவோம்; நடுவில் ஒன்றைத் தாண்டினாலும் குழப்பம் இரட்டிப்பாகும். பின்னல் பிரிப்பதும் அவ்விதமே.

ஆகவே, முதலில் கயிறில்லாமல் எட்டுச் சந்திப்புக்களை மட்டும் நடந்து பழகட்டும். வலஞ்செல்பவர்க்கு ஒரு நிறமும் இடஞ்செல்பவர்க்கு வேறொரு நிறமுமாகத் தாவணி அமைந்தால், எதிரே வருபவள் யாரென்ற சந்தேகமே எழாது. அதன்பின் ஒரேயொரு சந்திப்பைப் பின்னிப் பிரிக்கட்டும். பிறகு இரண்டு, பிறகு நான்கு. இவ்வாறு பழகும் குழந்தைக்குத் தொடக்கத்திலிருந்தே பிரிப்பது பின்னலின் மறுபாதியாக மனத்தில் பதிந்துவிடும்.

இக்காலத்து ஆண்டுவிழா மேடைகளில் காணும் ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒலிப்பதிவு செய்த பாட்டுக்கு நாலு நிமிஷ அவகாசம். பின்னல் பூர்த்தியானதும் கைதட்டல், புகைப்படம், திரை. பிரிக்கப்படாத கயிற்றை மறுநாள் யாரோ கத்தரியால் அறுத்தெடுக்கிறார்கள். செய்வதை மட்டும் கற்பித்து, செய்ததைச் சேதமின்றி மீட்கும் பொறுமையைக் கற்பிக்காமல் விடும் கல்வி அரைக் கல்விதான். நேரம் போதாதென்றால் பின்னலைப் பாதியளவாகக் குறைத்துக்கொள்ளலாம், பிரிப்பதைக் கைவிடலாகாது. அல்சூர் அன்பர் தம் சிறுமியருக்கு இந்த ஒன்றை மட்டும் வற்புறுத்துவாராக.