வலிப்பும் வலியும்

நோவைக் குறிக்கும் வலி என்ற சொல்லும், உடலை முறுக்கி இழுக்கும் நோயைக் குறிக்கும் வலிப்பு என்ற சொல்லும் நம் தமிழில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. சொல்லிலே உறவிருப்பதால் பொருளிலும் உறவிருக்கும் என்று நாம் கருதிவிடலாகாது. ஆயினும் மேனாட்டு வைத்திய சாஸ்திரிகள் நூறாண்டுக்கு மேல் ஆராய்ந்து, சில வகை வலிகளுக்கும் காக்கை வலிப்புக்கும் மெய்யாகவே நெருங்கிய உறவுண்டு என்று கண்டிருக்கின்றனர். அவ்வுறவை ஐயமறக் காட்டியவை வலிப்புக்கென்று வந்த மருந்துகளேயாகும்.

மனிதருக்கு வரும் நோவுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று முகத்து நரம்பு வலி. மின்னல் வெட்டினாற்போல் கன்னத்திலோ தாடையிலோ திடீரெனத் தாக்கும், சில விநாடிகளில் நின்றுவிடும், மீண்டும் தாக்கும். பல் துலக்குதல், முகம் கழுவுதல், உணவை மெல்லுதல், ஏன், இளங்காற்று முகத்தில் படுதலே அதை எழுப்பப் போதும். பல்லில்தான் கோளாறு என்றெண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டும் குணம் காணாதவர் பலர்.

1853-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து டாக்டர் ட்ரூஸோ என்பார் இந்நோயைக் கூர்ந்து நோக்கினார். முன்னறிவிப்பின்றி வருவதும், உச்சத்தை அடைவதும், வந்தவாறே மறைவதும் காக்கை வலிப்பின் இயல்பையே ஒத்திருக்கக் கண்டு, இதற்கு ‘வலிப்பையொத்த நரம்பு வலி’ என்று பெயரிட்டார். கருத்து அருமையானதே, ஆனால் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கேற்ற மருந்து அந்நாளில் இல்லை.

வலிப்புக்கே அப்பொழுது தக்க மருந்து கிடையாது. 1857-இல் லண்டனில் லோகாக் என்னும் வைத்தியர் புரோமைடு உப்பின் பயனை எடுத்துரைத்தார். 1912-இல் ஜெர்மனியில் ஹௌப்ட்மன் பினோபார்பிட்டால் என்ற மருந்தைப் பயன்படுத்தினார். இரண்டும் வலிப்பைக் குறைத்தன. ஆனால் நோயாளியை மந்தமாக்கி உறக்கத்திலும் ஆழ்த்தின. உறக்கம் தராத மருந்து வலிப்பை அடக்காது என்றே வைத்தியர் பலரும் நம்பியிருந்தனர்.

இந்நம்பிக்கையை உடைத்தவர்கள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மெரிட், பட்னம் ஆகிய இருவர். பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கி, எந்த ரசாயனப் பொருள் அதைத் தடுக்கிறதென்று ஒவ்வொன்றாகச் சோதித்தனர். 1908-இலேயே ஜெர்மானிய ரசாயனியாகிய பில்ட்ஸ் தயாரித்திருந்த பெனிட்டாயின் என்னும் பொருள், உறக்கத்தைத் தராமலே வலிப்பைத் தடுத்தது! 1938-இல் நோயாளிகளிடம் கண்ட நற்பலனை அவர்கள் வெளியிட்டனர்.

ட்ரூஸோவின் கருத்துக்கும் காலம் வந்தது. 1942-இல் பிரான்ஸ் தேசத்து பெர்கூய்ன்யான் என்பார் அதே பெனிட்டாயினை முகத்து வலிக்குக் கொடுத்துக் குணம் கண்டார். பின்னர் 1953-இல் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்து கைகி கம்பெனியில் ஷிண்ட்லர் என்ற ரசாயனி கார்பமஸெபைனைத் தயாரித்தார். ஸ்வீடன் தேசத்து டாக்டர் பிளோம், வலிப்புக்கென வந்த இப்புது மருந்தை முகத்து வலிக்குக் கொடுத்து, அதன் பலனை 1962-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் அறிவித்தார். அமெரிக்காவிலோ ஒரு வேடிக்கை நிகழ்ந்தது: அங்கே 1968-இல் முகத்து வலிக்கு இம்மருந்து முதலில் அனுமதி பெற்று, வலிப்புக்கு 1974-இல்தான் பெற்றது.

ஒரே மருந்து இரண்டையும் அடக்குவது எங்ஙனம்? நரம்பின் வழியே செய்தி செல்வது மின்சார ஓட்டத்தால். நரம்பின் மேலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்க, மின்னேற்றமுள்ள சோடியத் துகள்கள் உட்புகுகின்றன. உடனே வாயில் அடைபட்டுச் சற்று இளைப்பாறி, மறுமுறை திறக்க ஆயத்தமாகிறது. இவ்விளைப்பாறும் நேரத்தை இம்மருந்து நீட்டிவிடுகிறது. நிதானமாகப் பேசும் நரம்புக்கு இதனால் இடையூறு அதிகமில்லை. ஓயாமல் கூவும் நரம்போ அடங்கிப்போகிறது. மூளையில் அணுக்கள் கூட்டமாகக் கூவினால் வலிப்பு. முகத்து நரம்பு கூவினால் வலி. முகத்து வலியில் பெரும்பாலும் ஓர் இரத்தக் குழாய் நரம்பின் அடியை அழுத்தி, அதன் மேலுறையைத் தேய்த்துவிடுவதே காரணம்.

இதைக் கொண்டு எல்லா வலிக்கும் வலிப்பு மருந்து உதவும் என்று எண்ணுவது பெரும் பிழை. சுளுக்கு, வீக்கம், காயம் ஆகியவற்றின் நோவு வேறு. காபாபென்டின் என்ற மருந்து 1993-இல் அமெரிக்காவில் வலிப்புக்கும், 2002-இல் அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்பு வலிக்கும் அனுமதி பெற்றது. ஆனால் அனுமதியில்லாத பல நோய்களுக்கும் அது நல்லதென்று பிரசாரம் செய்த வார்னர்-லாம்பர்ட் கம்பெனி, 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் செலுத்த இணங்கியது. விற்பனைப் பேச்சு ஆராய்ச்சியாகாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கார்பமஸெபைனும் தீங்கற்றதன்று. தலைச்சுற்றல், மயக்கம், இரத்தத்தில் சோடியம் குறைதல் முதலியன நேரலாம். தோல் உரியும் கொடிய நோய் சிலருக்கு வருவதுண்டு; பிறவியிலேயே அமைந்த ஒரு மரபுக் கூறு இதற்கு ஏதுவாவதை 2004-இல் தைவான் ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆசிய மக்களில் சிலரிடம் அக்கூறு காணப்படுவதால், மருந்து தொடங்கியபின் தோலில் தடிப்பு தோன்றினால் தாமதமின்றி டாக்டரிடம் செல்லவேண்டும். வலிப்பு நோயாளிகள் மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்திவிடலும் ஆபத்து.

உலகில் சுமார் 5 கோடி மக்களுக்குக் காக்கை வலிப்பு உண்டு. தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பெனிட்டாயினும் கார்பமஸெபைனும் அந்த ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் உள்ளவை. அப்படியிருந்தும் நம் தேசத்தில் வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பேயென்று அஞ்சுவதும், பெண்ணுக்கு இந்நோய் இருந்தால் மூடி மறைப்பதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. 1955-ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டமே அடிக்கடி வலிப்பு வருவோரின் விவாகத்துக்குத் தடை விதித்திருந்தது. அத்தடை 1999-இல்தான் நீங்கியது.

சட்டம் திருந்திவிட்டது; இனித் திருந்தவேண்டியவை நம் இல்லங்களே. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். வாயில் எதையும் திணியாதிருப்போம். ஐந்து நிமிஷத்தில் அடங்காவிடில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வோம். முக்கியமாக, நோயையும் மாத்திரையையும் ஒளித்துவைக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். உறங்கவைக்காமலே வலிப்பை அடக்கும் மருந்து நமக்குக் கிட்டியிருப்பது, அதை உண்பவர் பள்ளிக்கும் தொழிலுக்கும் விழிப்போடு சென்றுவருவதற்காகவன்றோ?