"திரைன்னா சினிமாத் திரையா அம்மா?"

போன தை மாசம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். தூரத்துச் சொந்தக்கார அம்மா ஒருத்தர் என் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, அதுக்குள்ள நரை கண்டிருச்சாட்ட இருக்குது?" என்று சத்தமாகக் கேட்டார். இலையில் இருந்த பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. எனக்கு வயசு 37.

எதிர்ப் பந்தியில் என் வீட்டுக்காரர். அவருக்குக் காதோரம் முழுக்க வெள்ளை. அவரைப் பார்த்து அதே அம்மா, "மாப்பிள்ளைக்கு இப்பத்தான் பெரிய மனுசக் களை வந்திருக்குது" என்கிறார்! ஒரே நரைதான், அவருக்குக் களை, எனக்குக் குறை.

ஊருக்கு வந்ததும் கடையில் ஒரு கறுப்புச் சாயப் பொடி வாங்கி, யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் நெற்றியும் காதும் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரே அரிப்பு! டாக்டர் அம்மா பார்த்தவுடனே சொல்லிவிட்டார். பல சாயங்களில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறதாம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் அது கலந்திருக்கலாம். "போடறதுக்கு 2 நாள் முன்னாடி காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பாத்திருக்கணும். நீங்க இனிமேல் தொடவே தொடாதீங்க" என்றார்.

முகம் வீங்கிப் படுத்திருந்தபோது, ஒன்பதாவது படிக்கும் என் மகள் புத்தகத்தோடு வந்தாள். "அம்மா, 'நரை, திரை, மூப்பு'ன்னு போட்டிருக்குது. திரைன்னா சினிமாத் திரையா?" அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த என் அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினேன். "அம்மாயி கையில சுருக்கம் சுருக்கமா இருக்குதே, இதுதான் திரை. கடல் அலைக்கும் திரைன்னுதான் பேரு."

அவள் விடவில்லை. அகராதியைப் புரட்டி, "நரைன்னா வெண்மைன்னும் போட்டிருக்குதும்மா. வெள்ளைதானே, இதுக்கா இப்படிப் பண்ணிக்கிட்டே?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சொல்லில் ஒரு குற்றமும் இல்லை. நாம்தான் அம்மை கண்டிருச்சு என்பது போல நரை கண்டிருச்சு என்கிறோம். சின்ன வயசில் வந்தால் இளநரை, பித்தநரை என்று பேர் வைக்கிறோம்.

டாக்டர் அம்மா சொன்னது வேறு. முடிக்குக் கறுப்பு தருவது மெலனின் என்ற நிறமி. வேரில் அது ஊறுவது குறைந்தால் முடி வெள்ளையாக வளர்கிறது. சீக்கிரம் நரைப்பது பெரும்பாலும் பரம்பரைவாக்கு. சிலருக்கு பி12 சத்துக் குறைவாலும், தைராய்டு கோளாறாலும் வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒன்றைப் பிடுங்கினால் பத்து நரைக்கும் என்பதும் உண்மையில்லை. அந்தந்த வேரில் அந்தந்த முடிதான்.

கரிகால் சோழன் இளவயசில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தபோது, சின்னப் பையன் என்று முதியவர்கள் தயங்கினார்களாம். நரைமுடி வைத்துக்கொண்டு வந்து நல்ல தீர்ப்புச் சொன்னான் என்பது பழைய கதை. ராஜாவே வெள்ளையைக் கடன் வாங்கியிருக்கிறான்!

பிசிராந்தையார் கதையும் மகள்தான் சொன்னாள். இத்தனை வயசாகியும் நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள் என்றுதான் முதல் காரணம் சொன்னாராம். புறநானூற்றில் 191வது பாட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைக் கவலையில்லாமல் வைத்திருந்த அந்த அம்மாவுக்கு நரைத்ததா, இல்லையா? அதை யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

போன வாரம் நாமக்கல்லில் ஒரு காதுகுத்து. வெள்ளை முடி தெரியத் தெரிய வாரி, பூ வைத்துக்கொண்டு போனேன். அதே அம்மா வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "ஆமாங்க, நரைதானுங்க" என்று சிரித்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் சாயந்தானம்மிணி. ராத்திரியெல்லாம் ஒரே அரிப்பு. யாருகிட்டச் சொல்றது?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயம் போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம், சகோதரிகளே! ஆனால் பந்தியில் அடுத்தவர் தலையைப் பார்த்துக் கேட்கும் முன், ஒரு நிமிஷம் யோசிப்போமா?

- ஒரு வாசகி, ராசிபுரம்.