வாடகைக்குப் போன கீபோர்டு

ஓசைத் தொழில் – 17

“அண்ணே, லேப்டாப்புல மியூசிக் போட்டுப் பொழைச்சிர முடியுமா? வீட்ல கேக்குறாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

விருதுநகர் மாவட்டம் வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பகலில் ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மாடி அறையில் எஃப்.எல். ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார். பங்குனி, சித்திரைப் பொங்கல் சமயத்தில் சுற்று வட்டார ஊர்களின் சாமி பாட்டுகளுக்குப் பின்னணி இசை அமைத்துக் கொடுக்கிறார். கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். மேற்கே மலை, சுற்றிலும் தென்னையும் நெல்வயலும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் சென்னை. ஏறுவதா, இங்கேயே இருப்பதா என்பதும் அவர் கேள்விக்குள் இருக்கிறது.

இந்தத் தொழிலில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பெயரிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் கணக்கு வழக்கை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், பிறர் இசைக்கு வாத்தியங்களைப் பிரித்து எழுதிக் கொடுத்தவர். 1964-இல் வந்த ‘பழசிராஜா’ அவருடைய முதல் படம். எலக்ட்ரானிக் கருவிகள் அபூர்வமாக இருந்த காலத்தில் அவற்றைத் தேடி வாங்கிச் சேர்த்தார். 1976-இல், 43 வயதில், இறந்துபோனார். மகன் திலீப்புக்கு அப்போது 9 வயது. அந்த வீட்டில் மிஞ்சிய சொத்து அந்தக் கருவிகள்தான். அவற்றை மற்ற இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளுக்கு வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆன பையனின் முதல் இசை வருமானம், அப்பா வாங்கி வைத்த பெட்டிகளின் வாடகை.

பெட்டியை விற்றுவிடலாம் என்று அன்றைக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். தாயார் கரீமா பேகம் விற்கவில்லை. தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதும்போது இந்த முடிவை ஒரு வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். விற்றிருந்தால் சில மாதச் செலவுக்குக் காசு வந்திருக்கும். விற்காததால் கருவி வீட்டில் இருந்தது. வாடகைக்குப் போய்விட்டு வரும் இடைவெளிகளில் பையனின் கை அதன் மேல் இருந்தது. சிந்தசைசர் மாதிரியான கருவியை யாரும் தனியாக வாடகைக்கு எடுத்துப் போக முடியாது. எந்தக் குமிழைத் திருப்பினால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஆளும் கூடப் போகவேண்டும். அப்படிப் போகிறவன் பத்து இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறான். யாருக்கு என்ன சத்தம் வேண்டியிருக்கிறது, எதைக் கேட்டதும் முகம் மலர்கிறது, எதைக் கேட்டதும் ‘வேற போடு’ என்கிறார்கள் என்பதெல்லாம் மனத்தில் ஏறிவிடுகிறது. எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பாடத்திட்டம் கிடையாது.

இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் திலீப்பைச் சின்ன வயதிலேயே கீபோர்டு வாசிக்க அழைத்தார். பிறகு இளையராஜா, எம்.எஸ். விஸ்வநாதன், ரமேஷ் நாயுடு, ராஜ்–கோட்டி என்று வரிசையாக வாசித்தார். கணினியில் அடுக்கிய இசைக்காக இன்றும் பேசப்படும் ‘புன்னகை மன்னன்’ 1986-இல் வந்தபோது சீக்வென்சர் வேலையில் திலீப்பின் கையும் இருந்தது. 1987-இல் ஆல்வின் கைக்கடிகார விளம்பரம். அங்கிருந்து ஜிங்கிள்களின் காலம். லியோ காபி விளம்பரத்தை அந்தத் தலைமுறை இன்னும் முணுமுணுக்கிறது.

1989-இல் கோடம்பாக்கத்து வீட்டின் பின்பக்கத்தில் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ எழுந்தது. அறை கட்டியாயிற்று, உள்ளே வைக்கக் கருவி இல்லை. தாயாரின் நகைகள் ரெக்கார்டராக மாறின. 1992 ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’ வெளியானது. அந்தப் படத்துக்குத் தனக்குக் கிடைத்த சம்பளம் 25,000 ரூபாய் என்றும், அந்தத் தொகையை ஜிங்கிள் வேலையில் சில நாட்களில் சம்பாதித்துவிட முடிந்தது என்றும் ரஹ்மானே சொல்லியிருக்கிறார். அதாவது ‘ரோஜா’வின் இசைக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அவருடைய அடுப்பு வேறு வேலையில் எரிந்துகொண்டிருந்தது. விளம்பரம் அவருக்கு இன்னொன்றையும் கொடுத்தது. முப்பது விநாடி இசையில் முதல் இரண்டு விநாடிக்குள் கேட்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கவேண்டும். மெட்டு விரிய அங்கே நேரம் இல்லை, சத்தத்தின் நிறமே அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ‘ரோஜா’ பாடல்களின் தொடக்கங்களை இந்த நினைப்போடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கூடவே ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் பெயரையும் சொல்லவேண்டும். அந்தச் சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்காமல் தனித்தனியே நின்றதில் அவர் காதுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008-இல் அவர் மறைந்தார்.

இதற்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கையும் இருக்கிறது. மும்பையில் சரண்ஜித் சிங் என்று ஒரு வாத்தியக் கலைஞர். இந்திப் படங்களின் ஒலிப்பதிவுகளில் வாசித்தவர், விருந்துகளிலும் விழாக்களிலும் குழு வைத்து வாசித்தவர். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வாங்கினார்: ஜுபிட்டர்-8, டிஆர்-808, டிபி-303. பைரவி, கலாவதி போன்ற பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஒரு இசைத்தட்டு செய்தார். 1982-இல் வெளியானது. விற்கவில்லை. 1987-இல் சிகாகோவில் அதே டிபி-303-ஐ வைத்து இளைஞர்கள் செய்த இசைக்கு ‘ஆசிட் ஹவுஸ்’ என்று பெயர் வந்து, அது உலகத்தையே ஆட வைத்தது. ஐந்து வருடம் முன்பே அதே சாயலில் மும்பையில் ஒருவர் செய்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. 2010-இல் ஒரு டச்சுக்காரர் அந்தத் தட்டை மறுபடி வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பிய மேடைகள் அவரைக் கூப்பிட்டன. 2015-இல் காலமானார். நடுவில் கடந்த அத்தனை வருடமும் அவரைக் காப்பாற்றியது அந்தத் தட்டு அல்ல, அன்றாடம் போய் வாசித்த கச்சேரிகள்தான்.

அவருடைய தட்டு ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். டிபி-303, கிதார் வாசிப்பவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட சின்னப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஆஸிலேட்டர். ரம்பப் பல் அலை அல்லது சதுர அலை, இரண்டில் ஒன்று. அந்த அலையின் மேல்பகுதியை வெட்டும் ஒரு ஃபில்டர். வெட்டும் இடத்தைக் கூர்மையாக்க ஒரு குமிழ். அதைத் திருப்பத் திருப்பச் சத்தம் பிழிந்தெடுத்த மாதிரி முனகும். இதோடு ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி: ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் துள்ளிப் போகாமல் வழுக்கிப் போகும். சரண்ஜித் சிங் கையில் இந்த வழுக்கல் இந்துஸ்தானி இசையின் ‘மீண்ட்’ ஆயிற்று. கிதார்காரர்கள் அந்தப் பெட்டியை ஒதுக்கினார்கள், 1984-இல் தயாரிப்பே நின்றுபோனது. ராகம் தெரிந்தவர் அதில் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்தார்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு மென்பொருளில் முதலில் இடிப்பது இந்த இடம்தான். 1983-இல் வந்த ‘மிடி’ முறை சுரங்களைப் பன்னிரண்டு கட்டைகளாக எண்ணுகிறது. நம் காந்தாரம் ஒரு கட்டையில் நிற்காது, அசையும். ஆனால் அதே மிடி முறையில் சுரத்தை வளைப்பதற்கு 16,384 படிகள் இருக்கின்றன. பெரும்பாலோர் அதற்காகக் கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு வலது கையால் மட்டும் வாசிக்கிறார்கள். தம்பி, இடது கையைப் பழக்குங்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியில் மூச்சையும் உதட்டையும் வைத்துச் செய்கிற அசைவை அந்தச் சக்கரத்தில் பழக ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை. வாங்கிய மென்பொருளில் கிடைக்கும் ரெடிமேட் சத்தம் உலகத்தில் லட்சம் பேரிடம் இருக்கிறது, இது இருக்காது.

ரெடிமேட் சத்தம் வேண்டாம் என்றால் வேறெங்கே போவது? தம்பி வேலை பார்க்கும் இடத்திலேயே இருக்கிறது. நூற்பாலையில் ரிங் ஃபிரேமின் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபதால் வகுத்தால் விநாடிக்கு 300. அதாவது 300 ஹெர்ட்ஸ் சுருதி. ரெண்டு கட்டைச் சுருதியின் மேல் சட்ஜம் 293.66, அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது அந்த இரைச்சல். நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் மிகச் சிறு வேக வித்தியாசத்தோடு ஒன்றாகச் சுற்றும்போது எழுகிற அலைவைப் பல சிந்தசைசர்களில் ‘கோரஸ்’ என்று பெயர் போட்டுத் தருகிறார்கள். நிர்வாகத்தின் அனுமதி வாங்கி நல்ல மைக்கில் பத்து நிமிடம் பதிந்தால் ஒரு பாட்டுக்கான தம்பூரா கையில் இருக்கும்.

அடுத்தது உறுமி. விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு உறுமியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல் மேலும் கீழும் வழுக்கும். டிபி-303 மின்சாரத்தில் செய்ததைத் தோல் செய்கிறது. லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் தன் முதல் பாட்டுகளை உருவாக்கினார். அடுத்து 2007-இல் வந்த ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து மேளக்காரர்களை வைத்து உறுமியைப் பதிந்துகொண்டு போனார். லண்டனிலிருந்து தேடி வந்து பதிந்த சத்தம் வ. புதுப்பட்டியில் தெருமுனையில் கேட்கிறது. பதியும்போது ஒன்று மட்டும்: அடிக்கிறவருக்குக் கூலி கொடுங்கள், பெயரைப் பாட்டில் போடுங்கள்.

கோயில் பாட்டு வேலையைத் தம்பி கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லியிருந்தார். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஜிங்கிளுக்கு ஈடான பயிற்சி அது. கூம்புக் குழாயில் ஓடப்போகிற பாட்டு என்றால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் தேய்ந்துபோகும். மாடி அறையில் ஹெட்போனில் குமுறும் பேஸ் பொங்கல் பந்தலில் காணாமல் போவது இதனால்தான். வழி உண்டு. 100 ஹெர்ட்ஸ் பேஸுக்கு லேசாகச் சிராய்ப்பு (டிஸ்டார்ஷன்) கொடுத்தால் 300, 400, 500 என்று அதன் மடங்குகள் கிளம்பும். குழாயில் மடங்குகள் மட்டும் கேட்டாலும் மூளை அடியில் இருக்கும் நூறைத் தானே கூட்டிக்கொண்டு கேட்கும். செல்போன் ஸ்பீக்கருக்கும் இதுவே மருந்து. மைக் செட்காரரிடம் போய் அவருடைய குழாயில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பவரை அந்த வட்டாரம் அடுத்த வருடமும் தேடி வரும்.

இனி காசு. பெரிய வெற்றி வந்தால் காசு தானாக வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். 2021-இல் உலகமே பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று 2024-இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கேட்டவர்களின் எண்ணிக்கை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. நடுவில் இருப்பது காகிதம்.

நம் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டில் இரண்டு சொத்தைப் பார்க்கிறது. இசை ஒன்று, அதற்கு உரியவர் இசையமைத்தவர். அதைப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று; அதற்கு உரியவர் பொறுப்பேற்றுப் பதிவு செய்தவர். மாடி அறையில் சொந்தமாக அமைத்துச் சொந்தச் செலவில் பதிந்தால் இரண்டும் உங்களுடையது. வேறொருவர் மெட்டுக்குச் சத்தம் கோத்துக் கொடுக்கும் புரோகிராமருக்கோ பெரும்பாலும் அன்றைய கூலியோடு கணக்கு முடிகிறது. ஒரு பாட்டின் நிறத்தையே தீர்மானிப்பவர் இவர். இந்த நிலை மாறவேண்டும் என்று இந்தத் தொடரில் மறுபடியும் எழுதுவேன். அதுவரை, கூலி வேலையையும் சொந்த வேலையையும் தனித்தனி நோட்டில் எழுதி வையுங்கள்.

2012-இல் வந்த சட்டத் திருத்தம் ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. பாட்டை விற்றாலும், பிற வழிகளில் அது பயன்படும்போது இசையமைத்தவருக்கு வரவேண்டிய ராயல்டி பங்கை அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். ஐ.பி.ஆர்.எஸ். அப்படிப்பட்ட சங்கம்; 1969-இலிருந்து இருக்கிறது. உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்தால்தான் உங்கள் பங்கு உங்கள் பெயருக்கு வரும்.

யாராவது ஒப்பந்தத் தாளை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்களை அவர்கள் மறக்காமல் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, வருடத்தையும் நாட்டையும் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் தொகையைக் கூட்டிக் கேளுங்கள். தாளின் ஒரு நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அடுத்த வாரம்: ரிதம் பேடு வந்த பிறகு கரகாட்டக் குழுக்களில் தவில்காரர்களின் பிழைப்பு.

(தொடரும்)