தலைவலியும் தாடையும்

தலைவலி என்று ஒருவர் சொன்னால், நம் நாஞ்சில் நாட்டு வீடுகளில் முதலில் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது வழக்கம். அதற்கும் அடங்காவிட்டால் சூடான காப்பி, பிறகு மாத்திரை, பிறகு மூக்குக்கண்ணாடி. வெயில், பித்தம், கண், தூக்கமின்மை என்று எத்தனையோ காரணங்களின்மேல் பழி சுமத்துகிறோம். ஆனால், வாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் அநேகமாக எவருக்கும் தோன்றுவதில்லை. தலைக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

இரு கைவிரல்களையும் நெற்றிப்பொட்டுகளில் வைத்துக்கொண்டு, பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று புடைத்தெழும். அதுதான் தாடையைத் தூக்கும் தசை. விசிறியைப்போல் மண்டையின் பக்கத்தில் விரிந்து, கீழே குவிந்து, கன்னத்தெலும்பின் உட்புறமாக இறங்கித் தாடையைப் பற்றியிருக்கிறது. தாடை ஓயாமல் உழைத்தால் அந்தத் தசை களைத்து நோகிறது. நோவு தெரிவதோ பொட்டில். நாமும் அதைத் தலைவலி என்றே சொல்கிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை ஆகிய மூன்று இடங்களின் உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டு செல்வது ஒரே நரம்பின் மூன்று கிளைகள். ஒரே தந்திக் கம்பியில் மூன்று ஊர்ச் செய்திகள் வந்தால், எந்தச் செய்தி எந்த ஊருடையது என்று மயக்கம் உண்டாவது இயல்பன்றோ? அதனால்தான் சொத்தை விழுந்த கடைவாய்ப்பல்லின் நோவு, சிலருக்குக் காதிலோ பொட்டிலோ தெரிகிறது.

நாம் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைகளையும், கணக்குப் பார்க்கும் பெரியவர்களையும், நெஞ்சில் கவலையை அடக்கிக்கொண்டு வீட்டுவேலை செய்யும் தாய்மார்களையும் கவனித்தால், பற்களை இறுக்கிக்கொண்டே இருப்பதைக் காணலாம். சிலர் உறக்கத்திலும் நறநறவென்று கடிப்பார்கள். வயிற்றில் பூச்சி என்று பாட்டிமார் சொல்வதுண்டு; மனக்கவலைக்கும் கெட்ட தூக்கத்துக்கும் இதில் பங்குண்டு என்கிறது இன்றைய வைத்தியம். காலையில் எழும்போதே பொட்டு வலிப்பதும், கன்னம் களைத்திருப்பதும் இதன் அடையாளங்கள்.

ஓயாமல் பாக்கு மெல்லும் பழக்கமும் தாடைக்குப் பகை. வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று நோயைப்பற்றி நம் ஜில்லாவின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஆர், 1933-லேயே எழுதினார். புற்றுநோய் ஒருபுறமிருக்க, பாக்கு கன்னத்தின் உட்தோலை இறுகச் செய்து, வாயைத் திறக்க முடியாமலும் ஆக்கிவிடுகிறது. மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நுழைக்குமளவு வாய் திறக்காவிட்டால், வைத்தியரிடம் காட்டுவது நலம்.

1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது வைத்தியரான காஸ்டன் என்பவர், கடைவாய்ப்பற்கள் விழுந்துபோனதால் தாடை மூட்டு பின்னே தள்ளப்பட்டுக் காதுவலியும் தலைவலியும் உண்டாகின்றன என்று எழுதினார். அவர் கூறிய காரணம் சரியல்ல என்று உடற்கூறு நிபுணர்கள் பின்னர் காட்டிவிட்டார்கள். ஆயினும், தாடைக்கோளாறும் தலைவலியும் சேர்ந்து வருவதை அவர் கண்டது வீண்போகவில்லை. தாடை மூட்டினால் வரும் தலைவலியை, 2018-ல் வெளியான சர்வதேசத் தலைவலிப் பட்டியலும் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டவுடன் பற்களைப் பிடுங்கிக்கொள்ள ஓடவேண்டாம்! நல்ல பல்லைப் பிடுங்குவதும் அராவுவதும் மீட்கமுடியாத காரியங்கள். ஒற்றைத்தலைவலிக்குத் தாடை மூலகாரணமும் அன்று. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று வளர்க்கும், அவ்வளவே. சொத்தையோ ஈறு வீக்கமோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். மற்றபடி தாடைக்கு முதல் மருந்து ஓய்வு. சில நாட்கள் முறுக்கையும் பாக்கையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சி, குழைந்த சோறு, மட்டிப்பழம் என்று மெதுவான ஆகாரம் கொள்ளலாம். கன்னத்தில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். உதடு மூடியிருக்க, பற்கள் விலகியிருக்கப் பழகவேண்டும். இரவில் கடிப்பவர்களுக்குப் பல் வைத்தியர்கள் ஓர் உறை செய்து கொடுப்பார்கள்.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மாதத்தில் 15 நாட்களும் அதற்கு மேலும், மாதக்கணக்காக வலிமாத்திரை விழுங்கினால், அதுவே தலைவலியை வளர்க்கும். 50 வயது கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி தோன்றி, மெல்லும்போது தாடை நொந்து, பார்வையும் மங்கினால், அது பல் சங்கதி அன்று. இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்; தாமதித்தால் கண்பார்வையே பறிபோகக்கூடும்.

வீட்டில் தலைவலியை வாய்விட்டுச் சொல்லாமல் பொறுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. தாடைக்கோளாறும் பெண்களிடத்திலேயே அதிகமாகக் காணப்படுகிறது. ஆகவே, அடுத்த முறை அவர்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, "பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எதற்காகக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டால், பாதி வைத்தியம் வீட்டிலேயே ஆகிவிடும்.